ஜபல்பூர் குவார்ட்டர்ஸ்

மருதப்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சங்கரன்கோவிலில் தெரு கொள்ளாத கூட்டம். சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து டிரைவர்கள் லாரிகளை ராஜபாளையம் ரோட்டோரம் வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. வழியில் நின்றுபோன வண்டிக்குத் தன் வண்டியைக் கட்டி இழுத்து வந்தது, பிள்ளைத்தாச்சியாக இருந்த யாரோ ஒருத்தியை வத்தல் லோடோடு ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தது. அந்தப் பெண்ணின் அப்பா வாசலிலேயே உட்கார்ந்து தேம்பினார்.

கோமதித்தாய் உள்ளே பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பதினைந்து வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டி, எழுபத்து நாலில் பென்ஷனோடு திரும்பியவர். பிறகு பத்து வருஷம் ஹபீப் முகம்மதுவின் லாரி. எந்த ஊர் போனாலும் வெறுங்கையோடு வரமாட்டார். மகள் பூமாரிக்குக் கல்யாணம் முடிந்தும் அவளுக்கென்று பண்டம் வாங்கி வருவது நிற்கவில்லை. லாரி ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், தூக்குவதற்குள் போய்விட்டார். கோமதித்தாய் பதினாறு நாளும் அழுது தீர்த்திருந்தாள்.

மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து ஜெயசிங் வந்தார். மருதப்பனோடு ஒரே யூனிட்டில் இருந்தவர். பேரைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்; ஆளைப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. சாப்பிட்டு முடித்ததும் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அப்பவே நீங்க ஜபல்பூருக்கு வந்திருந்தா, எம் பொண்டாட்டிக்கு நல்ல துணையா இருந்திருக்கும். பாஷை தெரியாம ரொம்பக் கஷ்டப்பட்டா."

"குவார்ட்டர்ஸ் கெடச்சாத்தான வரமுடியும் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் அவுகளுக்குக் குடுக்கலையே."

"குடுக்கலையா?" ஜெயசிங் அவளைப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான குடுத்தாங்க. அடுத்தடுத்த வீடு. ராணுவ ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மருதப்பன்தான் வேண்டாம்னுட்டான். நீங்க ஊரை விட்டு வரவே மாட்டேன்னு பிடிவாதமா இருக்கதா..."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

"அது எந்த வருசம் அண்ணாச்சி?"

"அறுபத்தாறு."

கோமதித்தாய் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அறுபத்தாறில் அவள் கரிவலம்வந்தநல்லூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். மூன்று வயசுப் பூமாரியும் கைப்பிள்ளை சங்கரபாண்டியும். லீவில் வரும்போதெல்லாம் கேட்டாள்: "எங்களையும் கூட்டிட்டுப் போங்க." அவர் தலையைத் தடவி, "கேட்டிருக்கேன்ட்டி. பெரிய ஆளுகளுக்கே இல்லங்காங்க," என்பார். அவள் நம்பினாள். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

மறுவருஷம் பையனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மாட்டு வண்டியில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். வண்டி ஊருக்குள் நுழையும் முன்னே அவள் மடியில் பிள்ளை மூச்சை விட்டுவிட்டான். தந்தி போய் மருதப்பன் வந்து சேர்ந்தபோது குழிமேட்டில் மண் காய்ந்திருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து, "நாம குடுத்து வைக்கல தாயி," என்று அழுதார். அவரை அவள்தான் தேற்றினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அங்கன வேற பொம்பளை யாரும் உண்டா?"

ஜெயசிங் பதறிப்போனார். "சத்தியமா இல்ல தங்கச்சி. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"அப்ப எதுக்கு வேண்டாம்னாவ?"

"சாயந்தரமானா வாலிபால் ஆடுவான். சீட்டாட்டம். ஞாயித்துக்கிழமை சினிமா. எம் பிள்ளைக அழுகிற சத்தம் கேட்டா, 'ஒத்தையா இருந்தா நிம்மதிடே'ன்னு சிரிப்பான். வெளையாட்டுப் பேச்சுன்னுதான் நெனச்சேன். நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது."

ஒரு பொம்பளை இருந்திருந்தால் அவளையாவது வைதிருக்கலாம். இங்கே வைவதற்கும் ஆள் இல்லை. தானும் பிள்ளைகளும் இல்லாமல் அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். போதாததற்குப் பழியையும் அவள்மேல் போட்டிருக்கிறார். ஜபல்பூரில் எத்தனை குடும்பங்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசியிருக்கும்!

ஜெயசிங் தலையைக் குனிந்தபடியே விடைபெற்றுப் போனார்.

சாயந்தரம் லாரி ஸ்டாண்டில் படத்திறப்பு ஏற்பாடாகியிருந்தது. கோமதித்தாய்தான் திரையை விலக்க வேண்டும். பூமாரி சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வரல."

"என்னம்மா சொல்லுத? ஊரே காத்துக் கெடக்கு."

கோமதித்தாய் நடந்ததைச் சொன்னாள். பூமாரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா எதை நெனச்சு அப்படிச் செஞ்சாவளோ. இனிமே கேக்க முடியுமா? இதை வெளிய சொல்லிராதம்மா. நம்மளத்தான் அசிங்கமாப் பேசுவாங்க," என்றாள்.

"ஒந்தம்பி செத்தது ஒனக்கு ஒண்ணுமில்லையாட்டி?"

"அங்க போயிருந்தா மட்டும் பொழச்சிருப்பான்னு என்ன நிச்சயம்?"

பிழைத்திருப்பானா என்பது தெரியாமலே போய்விட்டதுதான் கோமதித்தாய்க்குத் தாங்கவில்லை. மகள் இப்படி உடனே அப்பா பக்கம் சேர்ந்துகொள்வாள் என்றும் அவள் நினைக்கவில்லை.

அழைத்துப் போக ஹபீப் முகம்மதுவே காரில் வந்துவிட்டார்.

"மொதலாளி, அவுக ஊருக்கு நல்லவுக. அதை நான் இல்லங்கல," என்றாள் கோமதித்தாய். "ஆனா அந்தத் திரையை என் கையால விலக்க மாட்டேன். பூமாரி வருவா."

அவர் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா. உடம்பைப் பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூமாரியை ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டம் தொடங்கியது. குழாய் ஒலிபெருக்கியில் பேசியது வீடு வரை கேட்டது. "பெண்டாட்டி பிள்ளைகளே உலகம் என்று வாழ்ந்தவர் நமது மருதப்பன் அண்ணாச்சி" என்று யாரோ முழங்க, கைதட்டல் எழுந்தது. கோமதித்தாய் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் கேட்டது.

பூமாரி திரும்பி வந்தபோது படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். பெரிய படம், பட்டாள உடுப்பில். எங்கே மாட்டலாம் என்று கேட்கத் தயங்கி, சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சங்கரபாண்டி மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் கோமதித்தாய்.

"இல்லம்மா."

"அவனை ஒரு போட்டோகூட எடுக்கல. குவார்ட்டர்ஸ் கெடைச்சதும் எல்லாரும் சேர்ந்து எடுப்போம்னு அப்பா சொன்னாவ."

பூமாரி அழ ஆரம்பித்தாள். அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பாவ மன்னிச்சிரும்மா."

"என்னால முடியாது மக்கா," என்றாள் கோமதித்தாய். "நீ வேணும்னா மன்னிச்சுக்கோ. படத்த எங்கன வேணும்னாலும் மாட்டிக்கோ. என்னைய மட்டும் மன்னிக்கச் சொல்லாத."