பதினாலு மில்லிமீட்டர் முதுகு

மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைப்பது அவள் வேலை. ஒரு எழுத்து அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாளெல்லாம் அப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவள், மறுபடியும் கணினி முன் உட்கார்ந்து அதே மாதிரி வேலையைத்தான் செய்வாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் செய்தாள். பழைய படங்களின் டிவிடி பெட்டிகளுக்கு உறை வரைவாள். கடையில் வரும் உறைகள் அவளுக்கு ஆகவே ஆகாது. கதாநாயகன் தலை ஒரு பக்கம், கதாநாயகி தலை ஒரு பக்கம், நடுவில் ஒரு ரோஜாப்பூ; கொலைப் படத்துக்கும் அதே ரோஜாப்பூ. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். படத்தை மூன்று தடவை பார்த்துத் தானே ஒன்று வரைந்து, இதே கிறுக்குப் பிடித்த நானூறு பேர் இருக்கும் இணையக் குழுவில் போடுவாள். அங்கே அவளுக்கு அட்டைக்காரி என்று பெயர்.

வீட்டில் இந்தக் கிறுக்குக்குத் துணை அவளுடைய மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்து அலமாரியில் நூற்றுப் பதினெட்டுப் பழைய படங்கள் வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் மாமாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் முழித்தவளுக்கு அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. ஒவ்வொரு உறையையும் முதலில் அவரிடம்தான் காட்டுவாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்த அம்மாவுக்கு இவ்வளவு சின்ன மூக்கு கிடையாதே என்பார். நானூறு பேர் பாராட்டினாலும் மாமா மூக்கைச் சரி என்று சொல்லும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை, படிப்பும் போய்விட்டது. நினைவெல்லாம் அப்படியே இருக்கிறது, எழுத்துதான் அவருக்கு இப்போது வெறும் கோடு என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மா விளக்கினாள். நூறு வார்த்தைக்குப் பதிலாக அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, ‘அதான்’. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், கோபமென்றாலும் அதான்.

சாயங்காலமானால் அலமாரி முன் போய் நிற்பார். ஒரு பெட்டியை உருவுவார், பார்ப்பார், திரும்பச் செருகுவார். இன்னொன்றை உருவுவார். பிறகு அணைந்திருக்கும் டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வார். மகன் தானாக ஒரு படத்தைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாட்டில் மருந்தை எடுத்து ஊட்டினால் வாயைத் திறக்கிற மனுஷன், படத்தை மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்க விடவில்லை. அதுதான் அவளை அறுத்தது. வேறு எது திரும்பாவிட்டாலும் போகட்டும், என்ன படம் பார்ப்பது என்று மாமா தானே முடிவு செய்ய வேண்டும் என்று அவள் மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் தெரியுமே. இரண்டு மாதம் உட்கார்ந்து முப்பது படங்களுக்குப் புது உறை வரைந்தாள். பெயரைச் சின்னதாக்கி, படத்தைப் பெரிதாக்கி, அலுவலகத் தாளைவிட நல்ல தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பெட்டியிலும் செருகினாள். குழுவில் ஒரே கொண்டாட்டம். இதுவரை நீ செய்ததிலேயே இதுதான் உச்சம் என்று எழுதினார்கள். அவளும் தலைகால் புரியாமல்தான் இருந்தாள்.

சாயங்காலம் மாமா அலமாரி முன் போய் நின்றார். ஒன்றை உருவினார், பார்த்தார், திரும்பச் செருகினார். டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

அவளுக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம்தான் புத்தி வந்தது. பெட்டிகள் அலமாரியில் புத்தகங்கள் மாதிரி நெட்டாக நிற்கின்றன. வெளியே தெரிவது முதுகு மட்டும், பதினாலு மில்லிமீட்டர். முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து இழைத்தவள் முதுகில் வழக்கம்போல எழுத்தை மட்டும் போட்டிருக்கிறாள். நாளெல்லாம் மில்லிமீட்டர் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற காரியமா இது? தலையில் அடித்துக்கொண்டு முப்பது முதுகையும் திருத்தினாள். ஒவ்வொன்றிலும் கதாநாயகன் முகம். அதுவும் எடுபடவில்லை. அந்தக் காலத்துக் கதாநாயகர்களுக்கெல்லாம் ஒரே மீசை, ஒரே சுருள்முடி. பதினாலு மில்லிமீட்டரில் முப்பது பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

மாமியார் துணி மடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சினிமா என்றால் அவளுக்கு அவ்வளவாகப் பிடித்தம் கிடையாது. ஆனால் நாற்பத்தொரு வருஷமாக மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தவள்.

“ஏம்மா, உங்க மாமா எந்தப் படத்துல மூஞ்சியப் பார்த்திருக்கார்? அந்தக் கோர்ட்டுப் படம் போட்டா, மேஜைக்கு அடியில ஒரு நாய் தூங்கும் பாரு, அது எப்போ முழிக்கும்னுதான் பார்த்துட்டு இருப்பார்.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அத்தை, இன்னும் சொல்லுங்க.”

மாமியார் துணியை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓட்டல் படத்தில் ஒரு லிஃப்ட் வரும், கதவு முழுதாக மூடாமலே மேலே போகும், இந்த லிஃப்ட் ஜென்மத்துக்கும் ஏறாது என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவார். கப்பல் படத்தில் ஒரு குடை கடல் மேல் பறக்கும். டாக்டர் படத்தில் கதாநாயகி சாகிறபோது எல்லாரும் அழ, மூலையில் ஒரு நர்ஸ் மட்டும் கொட்டாவி விடுவாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் வரைந்தாள். அதற்கு முன் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல அரைமணி நேரம் பேசியதில்லை. முதுகில் நாய், முதுகில் குடை, முதுகில் கொட்டாவி. குழுவில் போட்டபோது, அட்டைக்காரிக்கு என்னமோ ஆகிவிட்டது, கதாநாயகன் எங்கே என்று கேலி செய்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும், பழைய முகத்தை எடுத்த பிறகு முதுகு வெள்ளையாகவே நின்றது. அந்தப் படத்தை மட்டும் அவர் வாயைத் திறக்காமல் பார்ப்பார், எதைப் பார்ப்பாரோ எனக்குத் தெரியாது, நான் அடுப்படியில் இருப்பேன் என்று மாமியார் கையை விரித்துவிட்டாள். சரி, அது இருக்கட்டும் என்று அப்படியே செருகினார்கள்.

அன்று சாயங்காலம் மாமா அலமாரி முன் வெகுநேரம் நின்றார். விரலால் முதுகுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். லிஃப்ட் வந்ததும் விரல் நின்றது. உருவி எடுத்துத் தானே டிவிக்கு நடந்து போனார். லிஃப்ட் ஏறும் காட்சியில் “அதான், அதான், அதான்” என்று அவர் திட்டியதைக் கேட்டு அவள் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கணினி முன் உட்கார்ந்திருந்தபோது, விசைப்பலகை மேல் ஒரு பெட்டி வந்து விழுந்தது. வெள்ளை முதுகு. மாமா நின்றுகொண்டிருந்தார். அந்த வெள்ளையை விரலால் தட்டினார்.

அவள் படத்தைப் போட்டு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். பிடித்த இடத்தில் நிறுத்துங்கள் மாமா என்றாள். நிலாப் பாட்டு வந்தது, இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவர் அசையவில்லை. மாடிப்படியில் கதாநாயகி விளக்கோடு இறங்கும் காட்சி, ஊரே கொண்டாடிய காட்சி, அதுவும் போனது. திடீரென்று மாமா நிறுத்தினார். திரையில் ஒரு மொட்டைத் திரைச்சீலை, அதன் மேல் கோணல்மாணலாக ‘இடைவேளை’.

காபி கேட்கிறார் போல என்று நினைத்து அவள் எழுந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். திரையைக் காட்டினார், வெள்ளை முதுகைக் காட்டினார். “அதான்” என்றார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்த மாமியார் திரையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அன்னிக்குத் தியேட்டர்ல முதல் பாதி முழுக்க என் பக்கத்து சீட்டுல மூச்சு விடாம உட்கார்ந்திருந்தார்” என்றாள் மெதுவாக. “யாரு எவருன்னே எனக்குத் தெரியாது. இந்த எழுத்து வந்து விளக்குப் போட்டதும் திரும்பி, ‘ஃபேன் காத்து உங்க பக்கம் வருதா’ன்னு கேட்டார். வருதுன்னேன். அப்புறம் பேசிட்டே இருந்துட்டோம். அந்தப் படத்துக்கு ரெண்டாவது பாதி என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

மாமா சிரித்தார். நோய் வந்த பிறகு ஒரு பக்கமாகத்தான் சிரிப்பு வரும். அது போதுமானதாக இருந்தது. சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாமியார் மடிக்கத் துணி எதுவும் எடுத்துக்கொள்ளாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா ரிமோட்டை எடுத்துப் படத்தை மேலே ஓடவிட்டார்.