பன்னிரண்டு மூக்குகள்

தாயிடமிருந்து பிரித்த மறுவாரமே பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்துதான் பண்ணைக்காரி இத்தனை வருஷமாகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்துவந்தாள். இந்த முறை அதை நிறுத்திவிட்டு, பூண்டும் ஓமமும் பட்டையும் காயவைத்து அரைத்த தூளைப் போட்டுப் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கால்நடை டாக்டர் லேசில் மசியவில்லை. "இருபத்துநாலு குட்டியையும் நடுவுல கம்பி அடிச்சு ரெண்டா பிரிங்க. மருந்து யாருக்கும் வேண்டாம். இடது பக்கத்துக்கு மட்டும் தூள். பத்து நாள்ல வித்தியாசம் தெரிஞ்சா நம்புறேன். இல்லேன்னா பழையபடி மருந்துதான்."

தீவனம் போடுவது அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆள்தான் மலை மாதிரி, மனசு வெண்ணெய். தெரிந்திருந்தும் அந்த வேலையை அவரிடமே விட்டாள் பாருங்கள், அதுதான் தப்பு.

பத்தாம் நாள் டாக்டர் குனிந்து குனிந்து இரண்டு பக்கத்துத் தரையையும் பார்த்தார். இடது பக்கம் கழிவு கெட்டியாக இருந்தது. வலது பக்கமும் அப்படியே.

"உங்க தூள் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான் போல" என்றார்.

அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. பத்து நாளாக மிக்ஸியும் கையுமாக அல்லாடியதெல்லாம் வீண்.

அப்போது வலது பக்கக் குட்டி ஒன்று டாக்டரின் முகத்தருகே வந்து முகர்ந்தது. அவரும் பதிலுக்கு முகர்ந்தார்.

"பூண்டு வாசம் வருதே?"

இருவரும் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"கம்பி வழியா பன்னண்டு மூக்கும் நீட்டிக்கிட்டு நிக்குது. ஓரவஞ்சனை பண்ண மனசு வரல. நீ அளந்து குடுத்ததையே ரெண்டா பிரிச்சுப் போட்டேன்."

"என்னிக்கிலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்துதான்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"போன தடவை மருந்து போட்டும் ஏழு குட்டிக்குக் கழிச்சல். இப்ப ஒண்ணுக்கும் இல்ல. ஆனா தூள் தின்னாத குட்டியே இல்லாம இத நான் ஒத்துக்க முடியாது. அடுத்த ஈத்துல மறுபடி பாக்கலாம், அதுவரைக்கும் மருந்த ஒதுக்கியே வைங்க. தீவனம் போட மட்டும் கல்மனசுக்காரர் யாரையாவது பிடிங்க."

"எங்க வீட்ல அப்படி ஆள் கிடையாது டாக்டர். நீங்களே வாங்க."

அடுத்த ஈத்துக் குட்டிகளைப் பிரித்த அன்று டாக்டர் சொன்னபடி வந்தார். இடது தொட்டியில் தூளைத் தூவினார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பன்னிரண்டு மூக்குகள் வரிசையாக நீண்டன. தூள் கரண்டி தானாக அந்தப் பக்கம் நீண்டது; சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பழைய சாக்கு ஏதாவது இருக்கா? நடுவுல கட்டி மறைச்சிடலாம்."

வீட்டுக்காரர் சாக்கு எடுக்கப் போனார். நடை மட்டும் ராஜநடை. அவர் மேல் இத்தனை மாதமாக அவள் கட்டிக்காத்த கோபம் அந்த நிமிஷம் போயே போயிற்று.