மதுரனின் எட்டுப் புள்ளி

மதுரனை அணியிலிருந்து நிறுத்துவதென்று ஞாயிற்றுக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் என் மனைவி துஷ்யாவின் தம்பி. பெண் எடுத்த வீட்டில் போய், "நீ வேண்டாம்" என்று எந்த வாயால் சொல்வது?

2006ஆம் ஆண்டு ஒஸ்லோத் தமிழ்க் கழகங்களின் கோடை உதைபந்தாட்டக் கிண்ணத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். வசதியான அணிகள் நல்ல ஆட்டக்காரரையெல்லாம் வளைத்துப் போடுகின்றனவாம். அதனால் ஆளுக்கொரு புள்ளி. ஓர் அணிக்கு முப்பதுக்கு மேல் கூடாது. நாசமாய்ப் போன சட்டம்! சாதாரண ஆளுக்கு இரண்டு, நோர்வேக் கழகத்தில் சம்பளத்துக்கு ஆடுபவனுக்கு எட்டு. ஏப்ரலில் மதுரன் அப்படியொரு கழகத்தில் சேர்ந்தான். நாங்கள் கேக் வெட்டினோம். எங்கள் கணக்கு முப்பத்தாறாகிவிட்டது.

அவனை வைத்திருந்தால் வேறு மூன்று பேரை வெட்ட வேண்டும். மிஞ்சுவது பன்னிரண்டு பேர். ஒரே நாளில் ஐந்து ஆட்டம். இரண்டு பேருக்குக் கால் சுளுக்கினால் கதை முடிந்தது. பொறுப்பாளன் நான்தானே, வேறு யார் தலையில் கட்டுவது?

திங்கட்கிழமை ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் துஷ்யாவின் தாய்வீட்டுக்குப் போனேன். மாமி புட்டும் மீன்குழம்பும் வைத்தா. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்து, மதுரனோடு மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். புதன்கிழமையும் போனேன்.

"என்ன தம்பி, துஷ்யாவோடை ஏதும் சண்டையோ?" என்றா மாமி.

"சீச்சீ, சும்மா வந்தனான்."

வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஸ்டோவ்னர் ரயில் நிலையத்தில் அவனுக்காகக் காத்து நின்றேன். நிற்க முடியவில்லை; மேடையில் அங்குமிங்குமாய் நடந்தேன். மூன்றாவது ரயிலில் வந்து இறங்கினான். முகமெல்லாம் பல்.

"அத்தான், இனி யோசிக்காதேங்கோ. நான் கழகத்தை விட்டு விலகிட்டன். கடிதம் குடுத்திட்டுத்தான் வாறன். இப்ப நானும் ரெண்டு புள்ளிதான்."

"அட மடையா! ஆரைக் கேட்டு விலகினனீ?"

"ஆரைக் கேக்கிறது? என்ர புள்ளியாலை நீங்கள் நித்திரையில்லாமல் திரியிறியள் எண்டு அக்கா சொன்னவா. ரெண்டு தரம் வீட்டை வந்தும் ஒண்டும் சொல்லேல்லை. என்னை வெட்ட உங்களுக்கு மனமில்லை எண்டு விளங்கிச்சு."

என் மீது எனக்கே அருவருப்பாக இருந்தது. "மே முதலாம் தேதி ஆர் எந்தக் கழகத்திலை இருந்ததோ, அதுதான் கணக்கு. விலகினாலும் நீ எட்டுத்தான். உடனை அவையளுக்குப் போன் எடு. கடிதத்தைத் திருப்பிக் கேள்."

"வாசிச்சிட்டுக் கை தந்து அனுப்பினவங்கள், அத்தான். என்ர இடத்துக்கு ஆள் இருக்காம்." தண்டவாளத்தைப் பார்த்தான். "அப்ப எங்கடை பட்டியலிலை?"

"ஞாயிற்றுக்கிழமையே உன்னை நிப்பாட்டிப்போட்டன்."

"அப்ப ரெண்டு தரமும் என்னத்துக்கு வீட்டை வந்தனீங்கள்?"

"இதைச் சொல்லத்தான்" என்றேன்.