மஞ்சுவின் கை

வகுப்பில் வித்தை காட்டுவதென்றால் ஜெயசீலனுக்குக் கொள்ளை ஆசை. தில்லியில் ஒரு தனியார் கல்லூரியில் புகைப்பட வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். உப்புநீரில் நனைத்த தாளில் வெள்ளிக் கரைசலைத் தடவி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டுவார். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் பழுப்பாகும். இருநூறு வருடத்துக்கு முன்னால் படம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று சொல்லி, அதே தாளை மறுபடி வெயிலில் நீட்டுவார். இலையும் பழுப்பில் காணாமல் போகும். பிள்ளைகள் "அரே!" என்பார்கள். அந்த 'அரே'வுக்காகவே சில தாள்களை, படத்தை நிலைக்கவைக்கும் மருந்தில் போடாமல் கறுப்பு உறைக்குள் வைத்திருப்பார்.

அதில் ஒன்று மஞ்சுவின் கை. கல்லூரிக்குப் பக்கத்தில் எழும்பும் கட்டிடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் ஆராயியின் மகள், நான்கு வயது. ஜனவரி வெயிலில் இரண்டு நிமிடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

பிப்ரவரியில் அந்தக் குழந்தை கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அப்பன் பெரியண்ணன் சட்டைப்பையில் போனோடு குதித்தான். பிள்ளையும் போயிற்று, போனில் இருந்த அவள் படங்களும் போயின.

பதினைந்தாம் நாள் ஆராயி வந்தாள்.

"சார், பாப்பா கைய நீங்க தாள்ல எடுத்து வச்சிருக்கீங்களாமா? நாளைக்குக் கருமாதிங்க. கும்பிட ஒரு படங்கூட இல்லீங்க."

ஜெயசீலனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் அது அவர் நினைவுக்கே வரவில்லை.

இருட்டறைக்குக் கூட்டிப்போய், மங்கிய விளக்கில் உறையைப் பிரித்தார். ஐந்து வெள்ளை விரல்கள்.

"சுண்டுவிரல் வளைஞ்சிருக்குது பாருங்க. எம்புள்ளதானுங்க."

"பொறு ஆராயி, இதை மருந்துல போட்டாத்தான் நிக்கும். பாட்டில் மாடியில இருக்கு, எடுத்துட்டு வாரேன். இங்கனயே இரி."

வெயிலில் காட்டாதே என்று மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு மணிநேரம் அதையே பேசுகிற மனிதர்.

பெரியண்ணன் காலெல்லாம் சிமெண்டோடு உள்ளே வரக் கூசி, வாசற்படியருகே நின்றிருந்தான். அவனுக்குக் காட்டாமல் அவளால் எப்படி இருக்க முடியும்?

பாட்டிலோடு இறங்கி வந்தார். உச்சி வெயிலில் ஆராயி படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள், மகளின் கைமேல் அவள் கை. அவள் உள்ளங்கை மூடியிருக்கிறவரை மஞ்சுவின் கை பத்திரமாக இருக்கும். கையை எடுக்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆராயி!" என்ற கத்தல் மட்டுமே வந்தது.

மேஸ்திரிகளின் கத்தலிலேயே காலம் தள்ளியவள் அவள். வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார், கையில அழுக்கு. தொடச்சுத் தர்றனுங்க."

அவர் ஓடிவந்து பிடுங்கப் பார்க்க, அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து திரும்பிக்கொண்டு, அந்த வெயிலிலேயே முந்தானையால் விடாமல் அழுத்தி அழுத்தித் துடைத்தபடியே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் நீட்டினாள்.

தாள் முழுக்க ஒரே பழுப்பு.

பெரியண்ணன் குனிந்து பார்த்தான். "கை எங்க புள்ள?"

"நான் தொடச்சு அழிச்சுப்போட்டனுங்களா சார்?"

"இல்ல ஆராயி, நீ இல்ல. நான்தான்" என்றார் ஜெயசீலன். அவள் நம்பவில்லை. முந்தானையை விரித்து, அதில் ஒட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.