மூன்று பாக்கெட் ஷிராட்டாகி

பதினோரு மணிக்கு வருவதாக இருந்த பாதுகாப்பு அதிகாரி இரண்டு மணிக்குத்தான் வருவார் என்று செய்தி வந்ததும் ஸ்டோர்க்காரி சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். எடை பார்க்கப்போவது அவளை அல்ல, அவள் புருஷனை. ஆனால் ஆறு வாரமாக அந்த உடம்பைக் கிராம் கிராமாக இறக்கியவள் அவள்தான்.

இருபத்திரண்டு மாடிக் கட்டடம் அது. வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அவள் புருஷன் கயிற்றில் தொங்கி அதைத் துடைக்கிறவன். எல்லோரும் அவனைக் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதே கட்டடத்தின் கேன்டீனில் ஸ்டோர் பார்க்கிறாள். வெங்காய மூட்டையானாலும் மிளகுப் பொட்டலமானாலும் அவளுடைய மேடைத் தராசில் ஏறி இறங்காமல் அடுப்படிக்குள் போக முடியாது.

கயிற்றுக்காரர்கள் இடுப்பில் கட்டும் பெல்ட்டில் நூறு கிலோ என்று அச்சடித்திருக்கும். போன பரிசோதனையில் காத்தாடி நூற்றேழு இருந்தான். “ஆறு வாரம் தர்றேன், அதுவரைக்கும் உள்பக்கக் கண்ணாடியைத் துடை. நூறுக்குள்ள வந்தா கயிறு. இல்லேன்னா மூணு மாசம் அடித்தளத்துல கார் நிக்கிற இடத்தைக் கூட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. பதினெட்டு வருஷம் ஆகாயத்தில் வேலை பார்த்தவனுக்குத் தாழ்ந்த கூரை ஆகாது, மூச்சு முட்டும். போன வருஷம் நான்கு நாள் அடித்தளத்தில் போட்டதற்கே, வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டு நின்றான். நாலு நாளுக்கே அந்தக் கதி. மூணு மாசம் என்றால் ஆள் தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஷிராட்டாகி வீட்டுக்குள் வந்தது. ஏதோ ஒரு கிழங்கின் மாவில் செய்த நூடுல்ஸ். கண்ணாடி மாதிரி இருக்கும் இழைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கிறார்கள். ஒரு பாக்கெட் முழுக்கத் தின்றாலும் பத்து கலோரி தேறாது. முதல் நாள் பாக்கெட்டை வெட்டியதும் மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வாடை அடித்தது. அவள் அதை அப்படியே எண்ணெயில் கொட்டிப் புரட்டினாள். காத்தாடி வெகுநேரம் மென்றான். “சைக்கிள் டியூபை நறுக்கிப் போட்டியா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு மிச்சத்தையும் தின்றான். பசி அப்படி.

அதை வசப்படுத்த அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. வடிதட்டில் கொட்டி மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். பிறகு காய்ந்த வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் போட்டு, ஈரம் சுண்டி இழைகள் கீச்சென்று சத்தம் போடும் வரை வறுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அது எதை ஊற்றினாலும் உள்ளே இழுக்கும். அவசரப்பட்டால் மறுபடியும் டியூப்தான்.

இன்று காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு, அவளுடைய தராசிலேயே அவனை ஏற்றிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது கிலோ அறுநூறு கிராம். வருஷா வருஷம் சீல் வைக்கிற தராசு என்பதால் அதிகாரி அதைத்தான் நம்புவார். மூன்று மணி நேரம் ஒன்றும் தின்னாமல் ஓட்டினால் போதும் என்று இருந்தது. இப்போது ஆறு மணி நேரமாகிவிட்டது.

பன்னிரண்டரைக்கு அவன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

“கண்ணு இருட்டுது” என்றான். “காலையிலிருந்து எட்டு மாடி உள்கண்ணாடி துடைச்சாச்சு.”

“ரெண்டு மணி வரைக்கும் தாங்குங்க.”

“தராசுல ஏறி மயக்கம் போட்டு விழுந்தா அதையும் சேர்த்துத்தான் எழுதுவார்.”

அடுப்படியிலிருந்து சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, மாப்ளை நிக்கிற நிலைமையைப் பாத்தா எடை போடவே வேண்டாம்போல, காத்துல பறந்துருவார். அந்தக் கண்ணாடிப் புழுவையாவது வறுத்துக் குடு. அதுலதான் ஒண்ணுமே கிடையாதே.”

அதுதானே, அதில் ஒன்றுமே கிடையாது. குளிர்பெட்டியில் மூன்று பாக்கெட் இருந்தது. கழுவினாள், கொதிக்கவைத்தாள், கீச்சென்று கத்தும் வரை வறுத்தாள். பூண்டு, மிளகு, கொஞ்சம் சோயா சாஸ், ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. மாஸ்டர் ஒரு இழையை எடுத்து வாயில் போட்டு, “அட, புழு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

காத்தாடி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தின்றான். முதல் பாக்கெட் அளவு பேச்சில்லாமல் போயிற்று. இரண்டாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாவதில் இழைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சினான், தட்டைச் சாய்த்துத் தேங்கிய சாஸையும் குடித்தான். “இந்த ஆறு வாரத்துல இன்னைக்குத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கு” என்றான். மிளகுக் காரத்துக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். அவளுக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

அவன் கை கழுவப் போனபோது காலிப் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட எடுத்தாள். எதையும் எடை பார்த்தே பழகின கண் தானாக எடை அச்சடித்திருக்கும் மூலைக்குப் போயிற்று. வடித்த எடை இருநூறு கிராம்.

மூன்று இருநூறு அறுநூறு. அவன் குடித்த தண்ணீர் நானூறுக்குக் குறையாது.

கலோரி இல்லைதான். தராசு கலோரியைப் பார்க்குமா? இதே ஸ்டோரில் எத்தனை முறை காய்கறிக்காரனிடம் சண்டை போட்டிருக்கிறாள், கீரையைத் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்து எடை ஏற்றுகிறாயே என்று. சொந்தக் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் காத்தாடி தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். மாஸ்டர்தான், “நின்னுட்டிருந்தா இறங்குமா? ஒண்ணுக்குப் போங்க, படி ஏறி இறங்குங்க, ஓடுங்க” என்று விரட்டினார். மணி ஒன்றே முக்கால். அவன் ஓடினான்.

ஸ்டோரில் தனியாக நின்றவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை அல்ல. தராசில் ஒரு சைபர் பட்டன் உண்டு. கூடையை வைத்து அமுக்கினால் கூடையின் எடையைக் கழித்துவிடும். அரைக் கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றை மேடையின் ஓரத்தில் வைத்தாள். அமுக்கினாள். சைபர் காட்டியது. இனி அவன் ஏறும் அதே நொடியில் உப்பை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆள் அரைக் கிலோ இளைத்துவிடுவான்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். பின்னாலேயே காத்தாடி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த பெல்ட்டை எடுத்து மூட்டைமேல் வைத்தான். மூச்சு வாங்கியது. அவன் பார்வை உப்பில் பட்டது, பட்டனில் பட்டது, அவள் முகத்தில் வந்து நின்றது. கழிவு போட்டு எடுப்பது எப்படி என்று அவனுக்கும் தெரியும், எத்தனை மூட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறான்.

“ஏறுப்பா” என்றார் அதிகாரி. உடனே, “இரு இரு. அம்மா, அந்த உப்பை எடுங்க. பாவம், அவன் கணக்குல அதுவும் சேர்ந்துடும்.”

அவரே சொல்லிவிட்டார். அவள் எடுத்தால் போதும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

குனிந்து உப்பை எடுக்கும்போது மூட்டைமேல் கிடந்த பெல்ட் கண்ணில் பட்டது. நூறு. அந்த எண்ணை அச்சடித்தவனுக்கு அவளையும் தெரியாது, அவள் புருஷனையும் தெரியாது. இன்றைக்கு அரைக் கிலோ கழித்தால் நாளைக்கு அந்த அரைக் கிலோவும் இருபத்திரண்டாம் மாடியில் தொங்கும். அவள் தினமும் கீழே நின்று கழுத்து வலிக்க மேலே பார்க்க வேண்டும்.

“ஒரு நிமிஷம் சார்” என்று மறுபடி பட்டனை அமுக்கினாள்.

“ஏதோ மைனஸ் காட்டுச்சே?”

“கூடைக் கழிவு சார். எடுத்துட்டேன்.”

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். காத்தாடியை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். காத்தாடி ஏறினான். எண்கள் ஓடி நின்றன. நூறு கிலோ இருநூற்றைம்பது.

“நூறே கால்” என்றார் அதிகாரி.

“சார், காலையில தொண்ணூத்தொன்பது அறுநூறு சார். நீங்க லேட்டுன்னதும் நான்தான் சாப்பாடு போட்டேன். அது வெறும் தண்ணி சார், சாயங்காலத்துக்குள்ள போயிடும்.”

“அம்மா, அவன் சாப்பிட்டுட்டுத்தானே கயித்துல ஏறுறான்? சாப்பாட்டைக் கீழ வெச்சுட்டு வயித்தை மட்டும் மேல கொண்டுபோறானா?”

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கையெழுத்துப் போட்டார், மூணு மாசம் என்றார், போய்விட்டார்.

காத்தாடி பெல்ட்டைச் சுருட்டினான். வெகு நிதானமாகச் சுருட்டினான். திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“எதுக்கு மறுபடி அமுக்கினே?” என்றான்.

“பயம்.”

“கீழ போனா நான் வேலையை விட்ருவேன்னு பயம் இல்லையா?”

“அதுவும் இருக்கு. விட்ருவீங்களா?”

“தெரியல.” பொய் சொல்லத் தெரியாதவன். “அந்தக் கூரையை நினைச்சாலே இப்பவே நெஞ்சை அடைக்குது. நாளைக்கு ஒரு நாள் போய்ப் பாக்கறேன். மதியம் நீ கீழ வந்து என்கூட உக்காரு.”

“தராசை யார் பாக்கறது?”

“நான் பாக்கறேன், நீ போ” என்றார் மாஸ்டர் அடுப்பைப் பார்த்தபடி.

“சாப்பிட என்ன கொண்டுவர?” என்று கேட்டாள் அவள்.

“அதேதான். மிளகு கொஞ்சம் குறைச்சுக்கோ” என்றான் காத்தாடி. வாசல்வரை போய் நின்றான். “மூணு பாக்கெட்டும் போடு. கீழ யாரும் எடை பாக்க மாட்டாங்க.”

சொன்னவனும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை. நாளை வரை காத்திராமல், அடித்தளத்துக்குப் போகும் படியில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கும் சத்தம் ஸ்டோர்வரை கேட்டது. எட்டாவது படியில் சத்தம் நின்றது. அவள் எண்ணிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்பதாவது கேட்டது.