ஏலத்தில் எடுத்த சேவல்

சிஜினை ரப்பர் ஷெட்டின் சுவரில் மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"எங்கலே வச்சிருக்க எனக்க காயின?"

பிட்காயின் வந்த புதிதில் நான் அருமனையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அந்தக் காயினைக் கொடுத்து எதையாவது வாங்கிக் காட்டுவதுதான் எங்கள் இணையக் கூட்டத்தின் வெறி. ஒருவன் காலுறை வாங்கினான், ஒருவன் தேன் வாங்கினான். நான் எங்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஆட்டு விலைக்கு ஒரு சேவலை எடுத்தேன். சபையில் ரூபாய்தான் செல்லும் என்பதால் கூட வந்த நண்பன் சிஜின் ரூபாயைக் கட்டினான். பதிலுக்கு அவன் கம்ப்யூட்டருக்கு முந்நூறு காயின் அனுப்பினேன். சேவலோடு நான் நின்ற படத்துக்கு எங்கெங்கிருந்தோ கைதட்டினார்கள்.

கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் இன்றைய விலையைப் பார்த்தபிறகு அந்த நியாயமெல்லாம் எனக்கு எதற்கு?

ரப்பர் பால்வெட்டுக் கத்தியை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினேன்.

"சத்தியமா எனக்க கிட்ட இல்ல மக்கா."

"கள்ளப்பயலே, வித்துத் தின்னியா?"

முழங்காலால் வயிற்றில் இடித்தேன். சுருண்டு விழுந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான்.

"அந்தக் கிறிஸ்மஸுக்கு, வைரஸ் கேறிட்டுன்னு சொல்லி காயின் கிடந்த எனக்க கம்ப்யூட்டர மொத்தமா அழிச்சுத் தந்தது நீதானலே. அதுக்கு சர்வீஸ் சார்ஜும் வாங்கினியே."

கத்தியை வீசி எறிந்தேன். வெறும் கையால் அடிக்கத் தொடங்கினேன். அதுவரை அடித்ததெல்லாம் அடியே இல்லை.