சிவப்பில் இருப்பவர்

சிவப்பு, கல்லில் வெட்டிய பள்ளத்துக்குள் மெல்ல இறங்குகிறது, தூரிகையை நான் இழுக்கவில்லை, ஓங் பெக் ஹியான் எழுதிய கை போன வழியில் அது தானே வளைந்து போகிறது, மலாயாவில் தைப்பிங் சீனக் கல்லறை மேட்டில் பங்குனி வெயில், பக்கத்தில் அவர் மகள் குவீ இம் குடை பிடித்து நிற்கிறாள், கோட்டுக்கு வெளிய போவாதீங்கண்ணே, அப்பாவுக்குப் பிடிக்காது, என்கிறாள், அப்பா போய் எத்தனையோ வருடம், போய் என்று அவள் முன்னால் சொல்லக்கூடாது.

என் பெயிண்டுக் கடையை ஒட்டித்தான் அவர் கடை, சீனத்து அமோயிலிருந்து கப்பலேறி வந்தவர், பகலெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார், இடையிடையே பழைய செய்தித்தாளில் கவிதை எழுதுவார், மாலையில் அதையெல்லாம் தகர டின்னில் போட்டுக் கொளுத்துவார், எழுத்துள்ள தாள் காலில் மிதிபடக்கூடாதாம், எல்லாம் போச்சே தவுக்கே என்பேன், சீன முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம், நல்ல கவிதன்னா வாசம் வரும் தம்பி, இது வெறும் பொக, என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மனைவி இறந்தபோது கல்லறைக்கு அவரே எழுதிக் கொடுத்தார், அவள் பெயர், பக்கத்தில் தன் பெயர், செத்தவருக்குத் தங்க நிறம், உயிரோடிருப்பவருக்குச் சிவப்பு, அது அவர்கள் வழக்கம், வர்ணம் தீட்ட என்னைக் கூப்பிட்டார், அவ காத்துக் கெடக்கட்டும், என்னை எவ்ளோ காக்க வெச்சா தெரியுமா, என்றவர் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான், தெருவில் ஆண்களை வரிசையாக நிறுத்தி விரல்களைப் பார்த்தான், மை படிந்த விரல் படித்தவன் விரல், படித்த சீனன் அவனுக்கு எதிரி, லாரியில் ஏறும்போதும் அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேயிருந்தார், மை போகவில்லை, உடலும் திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் நான் தங்க வர்ணத்தோடு போனேன், குவீ இம் டின்னைத் தட்டிவிட்டாள், செத்தத யாரு பாத்தா, பாத்தவன கூட்டியாங்க, என்றாள், அதிலிருந்து வருடாவருடம் கல்லறையைக் கூட்டிப் படைக்கும் நாளில் சிவப்புதான், அம்மாவுக்கு மட்டும் சோறு, வாத்துக்கறி, தேநீர், உயிரோடிருப்பவருக்குக் கல்லறையில் படைக்க மாட்டார்களே, படைத்தால் சாகச் சொன்னதுபோல, அவளுக்கும் தலை நரைத்தது, எனக்கும்தான்.

போன வருடம் வரை சிவப்பு, இந்த வருடம் அவளே தங்கம் வாங்கி வந்திருந்தாள், என்ன தங்கச்சி என்றேன், அப்பா கனவுல வந்தாருண்ணே, எலும்பும் தோலுமா, வெறுங்கிண்ணத்த நீட்டினாரு, நான் ஒண்ணும் போடல, முழிப்பு வந்துடுச்சி, என்றாள், கனவை அவள் சொல்லச் சொல்ல அந்தக் கிண்ணத்தை நானும் பார்த்தேன், விளிம்பில் மை விரல்கள், அவள் கனவில் பார்த்தேனா, லாரி வந்த அன்றே பார்த்தேனா, தெரியவில்லை.

தங்கம் பள்ளத்துக்குள் இறங்குகிறது, சிவப்பு ஒவ்வொரு கோடாக அடியில் மறைகிறது, அவள் காயக்கூட விடவில்லை, இன்னொரு கிண்ணத்தை எடுத்து அள்ளி அள்ளிச் சோறு வைக்கிறாள், நாந்தாண்ணே பட்டினி போட்டேன், இருக்காரு இருக்காருன்னு சொல்லியே இத்தன வருசமா நாந்தான் பட்டினி போட்டேன், கிண்ணம் கொள்ளவில்லை, சாப்பிடுப்பா என்று கல்லோடு சேர்த்து அழுத்துகிறாள், பருக்கைகள் ஈரத் தங்கத்தில் ஒட்டுகின்றன.